இஞ்சுரி என்றால் காயம் மட்டுமா?

கேள்வி இதுதான்: "இஞ்சுரி என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் காயம் என்றுதானே பொருள்? அப்படியானால் ஒப்பந்தங்களில் 'இஞ்சுர்டு பார்ட்டி' என்று வருகிறதே, அது யார்? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? வூண்ட், ஹர்ட், டேமேஜ் எல்லாம் இதே பொருள்தானா?"

பதிலுக்குப் போகும் முன் ஒரு வாக்கியத்தைக் காட்டுகிறேன். மொழிபெயர்ப்புகளைச் சரிபார்ப்பது என் பிழைப்பு. சில வருடங்களுக்கு முன் ஒரு வணிக ஒப்பந்தத்தின் தமிழ்ப் படி என் கைக்கு வந்தது. ஒருவர் சரக்கு அனுப்ப வேண்டும், மற்றவர் பணம் கட்ட வேண்டும், யாராவது வாக்குத் தவறினால் என்ன செய்வது, இவ்வளவுதான் விஷயம். அதன் 11-ஆம் பிரிவு இப்படி இருந்தது: "காயமடைந்த தரப்பினர் 30 நாட்களுக்குள் மற்றத் தரப்பினருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்."

சரக்கு வரவில்லை என்றால் யாருக்கு எங்கே அடிபட்டது? படித்ததும் சிரிப்பு வந்தது உண்மை. ஆனால் மொழிபெயர்த்தவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அகராதியைத் திறந்தால் காயம், ஊறு, தீங்கு, கேடு, சேதம் என்று வரிசையாக, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்பதுபோல் அடுக்கியிருப்பார்கள். முதலில் நிற்பது காயம். அவர் முதல் சொல்லை எடுத்துக்கொண்டார். உண்மையில் இஞ்சுரி பிறந்தபோது அதற்கும் ரத்தத்துக்கும் பெரிதாகச் சம்பந்தமில்லை.

லத்தீனில் 'யூஸ்' என்றொரு சொல் உண்டு. சட்டம், உரிமை, நியாயம் என்று பொருள். உருபு ஏற்கும்போது அது 'யூர்' என்று திரியும். அதன் முன்னால் இல்லை என்னும் பொருள்தரும் 'இன்' சேர்ந்து 'இனியூரியா' ஆயிற்று. நியாயம் அல்லாதது. இதே அச்சில் வார்த்த சொல் ஒன்றை நாம் தினமும் பேசுகிறோம்: அநியாயம். அதிலும் முன்னால் நிற்கும் 'அ' மறுக்கிறது, பின்னால் நியாயம் நிற்கிறது. இரண்டுக்கும் வேர் வேறு, கட்டுமானம் ஒன்று. இஞ்சுரிக்குத் தமிழில் உடன்பிறவாத இரட்டை தேடினால் அது காயம் அல்ல, அநியாயம்தான்.

அந்த 'யூஸ்' குடும்பம் ஆங்கிலத்தில் பெரியது. ஜஸ்டிஸ், ஜட்ஜ், ஜூரி, பொய்ச்சத்தியம் என்று பொருள்படும் பெர்ஜுரி எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகளே. இஞ்சுரி என்று ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தாலே உள்ளே ஜூரி உட்கார்ந்திருப்பது தெரியும். ஒலியை நம்பி ஏமாறவும் கூடாது. தடையாணையைக் குறிக்கும் இன்ஜங்ஷன் நீதிமன்றத்திலேயே புழங்கினாலும் இந்த வீட்டுப் பிள்ளை இல்லை. அது இணைத்தல், பூட்டுதல் என்று பொருள்படும் வேறொரு வேரிலிருந்து வந்தது.

ரோமானியர்கள் இந்தச் சொல்லை எப்படிப் புழங்கினார்கள் என்பதில் ஒரு நல்ல கதை இருக்கிறது. கி.மு. 450 வாக்கில் அவர்கள் தொகுத்த 12 பலகைச் சட்டத்தில் அடிதடிக்கு விலைப்பட்டியல் உண்டு. சுதந்திர மனிதனின் எலும்பை முறித்தால் 300 செப்புக் காசு. அடிமையின் எலும்பென்றால் 150. இப்படிப் பெரிய அடிகளில் சேராத மற்றதற்கெல்லாம் 'இனியூரியா' என்று பெயரிட்டு 25 காசு விதித்தார்கள். எலும்பு முறியாத, உறுப்பு போகாத அடி. சுருக்கமாக, கன்னத்தில் ஓர் அறை. இன்றைக்கு இஞ்சுரி என்றதும் எலும்பு முறிவுதான் நினைவுக்கு வருகிறது. அன்றைக்கு எலும்பு முறிவைத் தவிர மீதிதான் இனியூரியா.

காலப்போக்கில் காசின் மதிப்பு விழுந்தது, சட்டத்தில் இருந்த 25 மட்டும் அப்படியே நின்றது. லூசியஸ் வெராட்டியஸ் என்று ஒரு பணக்காரன். தெருவில் எதிர்ப்படும் சுதந்திர மனிதர்களைக் கன்னத்தில் அறைவது அவனுக்குப் பொழுதுபோக்கு. பின்னாலேயே ஓர் அடிமை காசுப் பையோடு வருவான். ஐயா பளார் என்று ஒன்று வைப்பார். அடிமை உடனே பையைத் திறந்து 25 காசை எண்ணி அடிவாங்கினவன் கையில் கொடுப்பான். கணக்குத் தீர்ந்தது, அடுத்த கன்னத்துக்குப் போகலாம். கி.பி. 2-ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் ஆலஸ் கெல்லியஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார். இதனால்தான் ரோமின் நீதி அதிகாரிகள் அந்த நிரந்தர விலையைக் கைவிட்டு, ஒவ்வொரு வழக்கையும் தனியாக மதிப்பிட நடுவர்களை அமர்த்தினார்களாம்.

நடுவர் எதைப் பார்த்து மதிப்பிடுவார் என்பதில்தான் இந்தச் சொல்லின் உயிர் இருக்கிறது. கன்னம் எவ்வளவு வீங்கியது என்று மட்டும் அளப்பதில்லை. அடித்தது யாரை, எந்த இடத்தில், யார் முன்னால்? பொதுச் சதுக்கத்தில் பலபேர் பார்க்க அறைந்தால் குற்றம் கனம். நாடகம் பார்க்க வந்த கூட்டத்தின் நடுவே என்றாலும் அப்படியே. கி.பி. 533-இல் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட சட்டப் பாடநூல் இனியூரியா என்ற தலைப்பின்கீழ் என்னென்ன சேர்க்கிறது பாருங்கள்: கையால் குத்துவது, பலர் கேட்க வசைபாடுவது, பெயரைக் கெடுக்கும்படி எழுதிப் பரப்புவது, ஒரு பெண்ணை விடாமல் பின்தொடர்வது. நான்கில் ஒன்றுதான் உடம்பில் படுகிறது, மூன்று மானத்தில் படுகின்றன. அதே நூல் இந்தச் சொல்லுக்குத் தரும் பொதுவான விளக்கம் ஒரே வரி: நியாயமில்லாமல் செய்யப்படும் எதுவும் இனியூரியா.

இந்தப் பழைய பொருள் இன்றும் சாகவில்லை. பிரெஞ்சில் 'அன்ஜுர்' என்றால் வசைச்சொல். இத்தாலியத்திலும் ஸ்பானியத்திலும் இதே சொல்லின் வடிவங்களுக்கு அவமதிப்பு என்றுதான் பொருள். ஆங்கிலம் தெரிந்த ஒருவர் பிரெஞ்சுச் செய்தியில் இந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு, பாவம் யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று வருத்தப்பட்டால் தவறாகிவிடும். திட்டு வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான். தென்னாப்பிரிக்காவில் ரோமானியச் சட்டத்தின் வழிவந்த 'கிரைமன் இன்ஜூரியா' என்ற குற்றம் நடைமுறையில் இருக்கிறது. அடுத்தவரின் கண்ணியத்தைக் குலைப்பது அந்தக் குற்றம். இனத்தைச் சொல்லி இழிவாகப் பேசியவர்கள் அதன்கீழ் தண்டனை பெற்றிருக்கிறார்கள்.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் நேரடியாக வரவில்லை. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் அங்கே நீதிமன்றத்துக்கும் அரசவைக்கும் பிரெஞ்சு மொழியாயிற்று. அந்த வழியாக, 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இஞ்சுரி ஆங்கிலத்தில் குடியேறியது. வந்தபோது அது சுமந்துவந்த பொருள் அநியாயம், உரிமை மீறல். அடிபடுவது என்ற பொருளும் மெல்ல ஒட்டிக்கொண்டது. ஒருவருக்குச் செய்யக்கூடிய அநியாயங்களிலேயே கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவது உடம்பில் படுவதுதானே.

இரண்டு சான்று சொல்கிறேன். 1611-இல் வெளியான ஆங்கில வேதாகமத்தில், கலாத்தியருக்கு எழுதிய நிருபம் 4-ஆம் அதிகாரம் 12-ஆம் வசனத்தில் பவுல், நீங்கள் என்னை 'இஞ்சுர்' செய்யவேயில்லை என்கிறார். கை கால் நலமாக இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. எனக்கு நீங்கள் அநியாயம் ஒன்றும் செய்யவில்லை என்பதே பொருள். கிரேக்க மூலத்தில் அங்கே இருக்கும் வினையும் நீதிக்கு முன்னால் 'அ' சேர்ந்து ஆன சொல்தான். பிற்கால ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவும் அந்த இடத்தில் இஞ்சுர் என்பதை எடுத்துவிட்டு, தவறு இழைத்தல் என்று பொருள்படும் 'ராங்' போட்டிருக்கின்றன. இன்றைய வாசகர் மருத்துவமனையை நினைத்துக்கொள்வார் என்ற பயம் காரணமாக இருக்கலாம்.

இன்னொன்று, 1776-இன் அமெரிக்க விடுதலைப் பிரகடனம். பிரிட்டன் மன்னரின் ஆட்சியை அது திரும்பத் திரும்ப இழைக்கப்பட்ட இஞ்சுரிகளின் வரலாறு என்று வருணிக்கிறது. தொடர்ந்து வரும் பட்டியலில் சட்டமன்றங்களைக் கலைத்தது, சம்மதமில்லாமல் வரி போட்டது என்று நிறைய இருக்கும். இதை யாராவது 'காயங்களின் வரலாறு' என்று தமிழாக்கினால் கவிதைபோல் இருக்கும், ஆனால் தப்பு.

இனி இப்போதைய நிலைமை. அன்றாட ஆங்கிலத்தில் உடம்புப் பொருள் முழுசாக ஆட்சியைப் பிடித்துவிட்டது. பந்தைத் துரத்தி ஓடும்போது முழங்கால் திருகிக்கொண்டால் அது இஞ்சுரி. யார் செய்த அநியாயம்? யாருடையதும் இல்லை. குற்றவாளி இல்லாமலே இஞ்சுரி நடக்கலாம் என்றாகிவிட்டது. ஆனால் சட்டம் பழையதைக் கைவிடவில்லை.

1860-இன் இந்திய தண்டனைச் சட்டம் 44-ஆம் பிரிவில் இஞ்சுரியை வரையறுத்தது: ஒருவருடைய உடல், மனம், நற்பெயர், சொத்து ஆகியவற்றில் சட்டவிரோதமாக விளைவிக்கப்படும் எந்தத் தீங்கும். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தைப் பிடித்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அதே வரையறையை வைத்துக்கொண்டது. உடல் நான்கில் ஒன்று, கவனியுங்கள். உடம்பில் படுவதை மட்டும் சொல்ல வேண்டிய இடத்தில் சட்டத்தை எழுதியவர்கள் 'பாடிலி' என்ற அடைமொழியைச் சேர்க்கிறார்கள். கொலையை வரையறுக்கும் பிரிவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இஞ்சுரி தன்னளவில் காயம் என்றால் அந்த அடைமொழிக்கு அங்கே வேலை இருக்காது. உடல்வலி, நோய், உடல் இயலாமை ஆகியவற்றுக்கு அந்தச் சட்டம் வைத்திருக்கும் தனிச்சொல் ஹர்ட். அது கடுமையானால் 'கிரீவஸ் ஹர்ட்', தமிழில் கொடுங்காயம். பல் ஒன்று உடைந்தாலும் கொடுங்காயமே. கடும் வலியில் கிடந்தது இத்தனை நாள் என்ற கணக்கும் அதில் உண்டு. பழைய சட்டத்தில் 20 நாள், புதியதில் 15 நாளாகக் குறைத்திருக்கிறார்கள்.

சட்டக் கல்லூரி மாணவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 'டாம்னம் சைனே இஞ்சுரியா' என்ற லத்தீன் தொடரை நட்டம் உண்டு, காயம் இல்லை என்று மனப்பாடம் செய்துகொண்டு பரீட்சையில் விழிப்பார்கள். நட்டம் உண்டு, அநியாயம் இல்லை என்று படித்தால் குழப்பமே இல்லை. 1410-இல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் ஒரு வழக்கு. ஒரு பள்ளிக்குப் பக்கத்தில் வேறொருவர் போட்டியாகப் பள்ளி திறந்தார். பழைய பள்ளி ஆசிரியர்கள் 40 பென்ஸ் வாங்கிவந்த கட்டணத்தை 12 பென்ஸுக்கு இறக்க வேண்டியதாயிற்று. பெரிய நட்டம்தான். ஆனால் பள்ளி திறப்பது யார் உரிமையையும் பறிப்பதில்லை, எனவே வழக்கு நிற்காது என்றார்கள். இதைத் திருப்பிப் போட்ட வழக்கு 1703-இல் வந்தது. ஆஷ்பி என்ற செருப்புத் தொழிலாளியைத் தேர்தல் அதிகாரி ஓட்டுப்போட விடவில்லை. அவர் ஓட்டுப்போட நினைத்த வேட்பாளர் எப்படியும் ஜெயித்துவிட்டார், ஆகவே நட்டம் ஏதுமில்லை. ஆனாலும் உரிமை பறிபோனதே இஞ்சுரி என்று தலைமை நீதிபதி ஹோல்ட் வாதாடினார். மேல்முறையீட்டில் பிரபுக்கள் சபை, அதாவது அந்நாட்டு நாடாளுமன்றத்தின் மேலவை, அதை ஏற்றுக்கொண்டது.

உலக வர்த்தக அமைப்பின் விதிகளிலும் இஞ்சுரி உண்டு என்றால் நம்பச் சிலர் தயங்குவார்கள். வெளிநாட்டுச் சரக்கை அடிமாட்டு விலைக்குக் கொண்டுவந்து கொட்டும்போது உள்நாட்டுத் தொழிலுக்கு 'மெட்டீரியல் இஞ்சுரி' ஏற்பட்டதா என்று ஆராய வேண்டும். விற்பனை, லாபம், வேலைவாய்ப்பு சரிந்த கணக்கைப் பார்த்து அதை முடிவு செய்வார்கள். பத்திரிகைச் செய்தியில் இதைக் காயம் என்று போட்டுவிடாதீர்கள். பெருத்த பாதிப்பு போதும்.

சரி, வூண்டுக்கு வருவோம். இது பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல். ஜெர்மனில் இன்றும் 'வுண்டே' என்றுதான் சொல்கிறார்கள். தோல் கிழிந்திருக்க வேண்டும், சதை திறந்திருக்க வேண்டும், பெரும்பாலும் ஆயுதத்தால். அதனால் போரில் சுடப்பட்டவர் 'வூண்டட்', பேருந்து கவிழ்ந்ததில் அடிபட்டவர் 'இஞ்சுர்டு'. ஆங்கிலச் செய்தித்தாள்கள் இந்த வேறுபாட்டை ஓரளவு கறாராகவே கடைப்பிடிக்கின்றன. இரண்டையும் பிரித்துக்காட்ட எனக்குப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவர் வயிற்றைக் கீறுகிறார். அந்தக் கீறலுக்கு மருத்துவத்தில் வூண்ட் என்றே பெயர். 'சர்ஜிகல் வூண்ட்' என்று குறிப்பேட்டில் எழுதுவார்கள். யாரும் அதை இஞ்சுரி என்பதில்லை. நோயாளி சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், நியாயமாகச் செய்த கீறல் அது. சம்மதித்தவனுக்கு அநியாயம் நடப்பதில்லை என்று ரோமானியர்களிடமிருந்து வந்த வாசகமே ஒன்று உண்டு, அதிலும் வருவது இஞ்சுரியாதான். மறுபுறம், வயிற்றில் விழுந்த ஒரு குத்தில் கல்லீரல் கிழிந்துவிடுகிறது, வெளியே ஒரு கீறல்கூட இல்லை. அது இஞ்சுரி. அதை வூண்ட் என்பது வழக்கமில்லை. நம்மிடம் இதற்கு ஓர் அபாரமான சொல் இருக்கிறது: ஊமைக்காயம். இருக்கிறது, ஆனால் வாய் திறந்து சொல்லாது.

ஹர்ட் பழைய பிரெஞ்சில் மோது, முட்டு என்ற பொருளில் இருந்த சொல். இன்று அதன் மையம் வலி. தலை வலித்தால் ஹர்ட், ஒரு பேச்சு மனசைத் தைத்தாலும் ஹர்ட். கிரிக்கெட்டில் மட்டையாளர் அடிபட்டு வெளியேறினால் 'ரிட்டயர்டு ஹர்ட்' என்றுதான் ஸ்கோர் அட்டையில் போடுவார்கள். கால்பந்திலோ, நிறுத்தங்களால் வீணான நிமிடங்களை 45 நிமிடப் பாதியின் முடிவில் சேர்த்து 'இஞ்சுரி டைம்' என்பார்கள். கோல் போட்டுக் கொண்டாடிய நேரமும் ஆள் மாற்றிய நேரமும் அதில் அடக்கம். டேமேஜ் பொருள்களுக்கு உரியது. கார் டேமேஜ் ஆகும், காரில் இருந்தவர் இஞ்சுர்டு ஆவார். உறுப்பைச் சொல்லும்போது மட்டும் டேமேஜ் உடம்புக்குள் நுழைகிறது: மூளை, கல்லீரல், நரம்பு. ட்ராமா கிரேக்கத்தில் காயம் என்பதற்கான சாதாரணச் சொல். மருத்துவமனையின் ட்ராமா பிரிவில் அந்தப் பழைய பொருள் அப்படியே இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உளவியலாளர்கள் அதை மனசுக்கு எடுத்துக்கொண்டார்கள். இன்று சின்ன ஏமாற்றத்துக்கெல்லாம் ட்ராமா என்பது எனக்கு உறுத்துகிறது. அது என் பிரச்சினை.

'ஆடிங் இன்சல்ட் டு இஞ்சுரி' என்ற மரபுத்தொடரை விட்டுவிட முடியாது. கி.பி. 1-ஆம் நூற்றாண்டில் ஃபீட்ரஸ் லத்தீனில் எழுதிய குட்டிக் கதையிலிருந்து இது பிரபலமானது. ஒரு வழுக்கைத் தலையரை ஈ கடிக்கிறது. ஈயை அடிக்கப் போய் அவர் தன் தலையிலேயே ஓங்கி ஒன்று போட்டுக்கொள்கிறார். ஈ தப்பித்துவிட்டது. சும்மா போகாமல் கேலி செய்கிறது: ஒரு கடிக்கே என்னைக் கொல்லப் பார்த்தாயே, இஞ்சுரியோடு அவமானத்தையும் சேர்த்துக்கொண்ட உன்னை நீ என்ன செய்யப் போகிறாய்? இதற்கு 'வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுதல்' என்று தமிழில் போடுவார்கள். எனக்கு அதில் திருப்தி இல்லை. அங்கே வலியோடு வலி சேர்கிறது, அவமானம் சேரவில்லை. 'குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம்' என்ற பழமொழி இன்னும் கிட்டத்தில் வருகிறது. அதன் தொனியிலேயே ஒரு நக்கல் இருக்கிறது.

இதில் வேடிக்கை, இன்சல்ட் என்ற சொல்லின் கதை இதற்கு நேர்எதிர். அது மேலே பாய்தல் என்று பொருள்தரும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. பேச்சுவழக்கில் அவமானமாக நின்றுவிட்டது. மருத்துவர்களோ, ரத்த ஓட்டம் தடைப்பட்டுத் திசுவுக்கு நேரும் சேதத்தை இன்சல்ட் என்கிறார்கள். ரஷ்ய மொழியில் 'இன்சுல்ட்' என்றால் பக்கவாதத்தைக் கொண்டுவரும் மூளைத் தாக்கு. அவமானத்தைக் குறித்த சொல் உடம்புக்கு வந்துவிட்டது, உடம்பில் பாய்வதைக் குறித்த சொல் அவமானத்துக்குப் போய்விட்டது.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை சில. தலையில் அடி என்பதற்கு ஆங்கிலத்தில் 'இஞ்சுரி டு த ஹெட்' என்று 'டு' வரவேண்டும், 'ஆஃப்' வராது. சுருக்கமாக 'ஹெட் இஞ்சுரி' என்றும் எழுதலாம். பலத்த காயம் என்று பேசிப் பழகிய நாம் 'ஹெவி இஞ்சுரி' என்று எழுதிவிடுவோம். ஆங்கிலம் அங்கே 'சீரியஸ்' அல்லது 'சிவியர்' கேட்கும். 'ஹி காட் இஞ்சுரி' என்பதும் அப்படித்தான், 'ஹி வாஸ் இஞ்சுர்டு' போதும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசுபவரைக் கதைகளில் 'இஞ்சுர்டு டோன்' என்று எழுதியிருந்தால் அவர் தொண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. தனக்கு அநியாயம் நடந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பேசுகிறார். உச்சரிப்பில் அழுத்தம் முதல் அசையில் விழும். 'இஞ்சூரியஸ்' என்று நீளும்போது அழுத்தம் இரண்டாம் அசைக்கு நகரும். சிகரெட் பெட்டியின் எச்சரிக்கையில் படித்துப் பழகிய சொல் அதுதான். அங்கே தமிழில் கேடு, தீங்கு என்றே எழுதினார்கள், காயம் என்று யாரும் எழுதவில்லை. சரியான முடிவு.

தமிழில் எதைப் போடுவது என்று தடுமாறும்போது நான் வைத்துக்கொண்டிருக்கும் ஒரு சோதனை: பின்னால் வரும் வினையைப் பாருங்கள். நம் பேச்சில் காயம் 'படும்', அடி 'படும்', மனம் புண் 'படும்'. பட்டவரைப் பற்றிய பேச்சு இது, செய்தவர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தீங்கையும் அநீதியையும் 'இழைப்பார்கள்'. இழைத்தல் என்றால் செய்தவர் ஒருவர் கட்டாயம் உண்டு. காயம் இழைத்தான் என்று யாரும் சொல்வதில்லை, நாக்கே வராது. ஆங்கில வாக்கியத்தில் இஞ்சுரி வரும் இடத்தில் 'பட்டது' பொருந்தினால் காயம், அடி, புண். 'இழைக்கப்பட்டது' பொருந்தினால் தீங்கு, அநீதி, பாதிப்பு. அந்த ஒரு வினையில் ரோமானிய இஞ்சுரியும் மருத்துவமனை இஞ்சுரியும் பிரிந்து நின்றுவிடும். பத்தில் ஒன்பது இடங்களுக்கு இது உதவியிருக்கிறது.

அந்த ஒப்பந்தத்துக்கு வருகிறேன். 'காயமடைந்த தரப்பினர்' என்பதை அடித்து, 'பாதிக்கப்பட்ட தரப்பினர்' என்று எழுதி, இஞ்சுரி என்றால் எல்லா இடத்திலும் காயம் இல்லை என்று ஓரத்தில் குறிப்பும் போட்டு அனுப்பினேன். மொழிபெயர்த்தவர் கவனமானவர். மறுநாள் ஆவணம் முழுவதையும் திருத்தித் திருப்பி அனுப்பியிருந்தார். 14-ஆம் பிரிவைப் பார்த்தேன். சரக்கு இறக்கும்போது தொழிலாளர்களுக்கு 'பர்சனல் இஞ்சுரி' ஏற்பட்டால் யார் பொறுப்பு என்பது அந்தப் பிரிவு. பெட்டி காலில் விழுவது, விரல் நசுங்குவது இதெல்லாம்தான் அங்கே பேச்சு. முதல் படியில் அது உடற்காயம் என்று சரியாகவே இருந்தது. இப்போது 'தனிப்பட்ட முறையிலான அநீதி' ஆகியிருந்தது.